ஆஷாடத்தில் வீடு விற்றவர்

வீடு பார்க்க ஆள் கூட்டி வரட்டுமா என்று புரோக்கர் போனில் கேட்டால், அவர் முதலில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். பளிச்சென்று இருந்தால், "இன்னைக்கு வேணாம், வெயில் அடிக்குது" என்று வைத்துவிடுவார். கறுத்துக்கொண்டு வந்தால், "இப்பவே கூட்டிட்டு வாங்க. மழை நிக்கிறதுக்குள்ள வந்தாதான் வீட்டைப் பார்க்க முடியும்" என்பார்.

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் வீட்டு மாடியில், ஷீட் போட்ட ஒற்றை ரூமில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். எனக்கு மர பாலிஷ் வேலை. படிப்பு பத்தாவது. ஊர் தருமபுரிப் பக்கம். கீழே அவரும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். அம்மா போன பிறகு அவர் மட்டும். சந்தில் சின்னவர்கள் அவரை அக்கா என்பார்கள், பெரியவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளினேன். ஏதாவது வேண்டுமென்றால் கிரில் கேட்டை லேசாகத் தட்டுவேன். "யாரு, மேல் வீடா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இப்போது எழுதும்போதும் பேரைப் போடக் கை வரவில்லை.

முதன்முதலில் ரூம் கேட்டுப் போனது ஏப்ரல் மாதத்து மத்தியானம். அவர் சாவியோடு மேலே வந்து கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"இப்ப அடுப்பு. ஜூன்ல இருந்து அருவி. ஜூன்ல வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

அதுவரை நான் எங்கே தங்குவது என்று கேட்டிருக்கலாம். "பரவால்லைங்க" என்று மட்டும் சொன்னேன்.

"வெயில்ல நிக்கிறப்ப எல்லாரும் பரவால்லைன்னுதான் சொல்லுவாங்க."

கீழே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்தார். "இங்கதான் ஒழுகும். கட்டிலை அந்தப் பக்கம் போட்டுக்கோங்க." ஜூனில் முதல் மழைக்கு முதல் சொட்டு அந்த வாளியில்தான் விழுந்தது. படுத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யாரோ என்னைப் பொருட்டாக நினைத்துப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த ஊருக்கு வந்து அதுவரை அப்படித் தோன்றியதில்லை.

அவர் அல்சூரில் ஒரு டிரை கிளீனிங் கடையில் கவுண்டரில் இருந்தார். பட்டுப் புடவை கொண்டு வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். மேஜையில் முழுக்க விரித்துப் போடுவார். "இது போகும். இது போகாது. இது ஏற்கெனவே கிழிஞ்சது, பார்த்துக்கோங்க, நாங்க கிழிக்கல." என் பட்டறை முதலாளி துவைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்க நான் போன ஒரு நாள், ஒரு அம்மாள் முகம் சிவந்துபோய், "நான் புடவை குடுக்க வந்தேனா, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தேனா?" என்று கேட்டார். இவர் சிரிக்காமல், "ரெண்டுக்கும் முதல்ல வெளிய எடுத்துக் காட்டணும்தானேம்மா" என்றார். கடை முதலாளி தினமும் திட்டுவார், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. துணி வாங்கிப் போனபின் சண்டைக்குத் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை.

என் வேலை அவருக்குப் பிடிக்காது.

"வெடிப்பை அடைக்கப் புட்டிப் பசை வச்சு, மேல பளபளன்னு அடிச்சிடுறீங்க" என்பார்.

"மரம் நல்லா இருக்கும்ங்க."

"நல்ல மரத்துக்கு எதுக்குப் புட்டி?"

அன்று முழுக்கப் பதில் யோசித்தேன். நல்ல மரமும் வெடிக்கும், வெயிலும் ஈரமும் மாறி மாறி வந்தால் எந்த மரமும் வெடிக்கும் என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் சொல்லிவிடலாம் என்று படி இறங்கினேன். வாசல் பூட்டியிருந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் போய்ச் சொன்னால், இதையே நினைத்துக்கொண்டிருந்தானா என்று நினைப்பாரே என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை அவருடைய அம்மா ஒரு நாள் சொன்னார். குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "நல்ல எடம் தம்பி. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வாங்க, பொண்ணு பட்டுல இருப்பான்னு நான் சொல்லியனுப்பினா, இவ அவங்களுக்குப் போன் பண்ணி, திங்கக்கெழமை காலையில வாங்கன்னுட்டா. வந்து பார்த்தா இவ வாசல்ல சாக்கடை மோரி கழுவிக்கிட்டு நிக்கிறா. நைட்டி, கையில வெளக்குமாறு. அவங்க மோரியைத் தாண்டி உள்ளேயே வரல."

உள்ளே அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பையன் தாண்டியிருந்தா பேசியிருப்பேன்ம்மா. அவன் அவங்கம்மா பின்னாடில்ல நின்னான்."

"இப்படியே பேசு. நீ மோரி ஓரத்துலயே நில்லு."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். நான் தாண்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கோயில் வேறு, எங்கள் சாமி வேறு என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. ஆனாலும் தாண்டியிருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். பல நாள் தாடி. கட்டிலுக்குக் கீழே வாந்தி எடுத்த வாளி. அவர் கஞ்சிச் சொம்போடு மேலே வந்தார். நான் அவசர அவசரமாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். "எதுக்கு மூடுறீங்க?" என்று அதை இறக்கிவிட்டார். ரூமைச் சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியையும் பார்த்தார். "சரி. பார்த்தாச்சு" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வந்து வைத்தார். குணமாகும்வரை தினமும் கஞ்சி வந்தது.

அந்த "பார்த்தாச்சு"வை நான் வெகு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் எதையும் மோசமான நேரத்தில்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் அங்கேயே சொல்லிவிடுவார். என்னைப் பார்த்தார், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பாலிஷ் தேய்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். கேட்கத்தான் முடியவில்லை.

அம்மா இறந்ததும் வீட்டை விற்கும் பேச்சு வந்தது. ஒயிட்ஃபீல்டில் இருந்த அண்ணனுக்கு மகளின் படிப்புக்காகத் தன் பங்கு தேவைப்பட்டது. அவர் கெட்டவர் இல்லை. "எப்ப விக்கணும்ங்கிறதை நீயே பார்த்துச் சொல்லு" என்று தங்கையிடமே விட்டுவிட்டார். விற்றால் இவர் இந்தச் சந்தில் இருக்கமாட்டார், எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

புரோக்கர் கன்னடக்காரர், நம் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். படிக்கட்டில் நின்றபடி நான் கேட்ட பேச்சு இது.

"மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. சங்கராந்தி முடியட்டும். அதுல இருந்து யுகாதி வரைக்கும்தான் சீசன். மழை கிடையாது. சுவர் காஞ்சிருக்கும், சம்ப்ல தண்ணி இருக்கும், ஸ்கூல் அட்மிஷனுக்கு ஜனம் வீடு தேடும். ஒரு கோட் பெயின்ட் அடிச்சீங்கன்னா அரண்மனை."

"ஜனவரியில இந்த ஊர்ல எந்த வீடுங்க அரண்மனை இல்ல?"

"அதுக்குத்தானே மேடம் ஜனவரி."

"ஜூன், ஜூலைன்னு வச்சுக்கலாம்."

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப ஆஷாடம் மேடம். எங்காளுங்க ஒருத்தரும் அட்வான்ஸ் குடுக்கமாட்டாங்க. அது முடியறதுக்குள்ள உங்க தமிழாளுங்களுக்கு ஆடி பொறந்துடும். அது போனா பித்ரு பட்சம், புரட்டாசி. உங்களுக்கென்ன, கிறிஸ்டியன், எல்லா மாசமும் ஒண்ணு. என் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

"ஆஷாடத்துல வர்றவன் வீடு பார்க்க வர்றவன். மத்த மாசத்துல வர்றவன் நாள் பார்க்க வர்றவன். எனக்கு வீடு பார்க்கிறவன் போதும்."

புரோக்கர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

"எனக்கென்னங்க தெரியும்" என்று மேலே ஏறிவிட்டேன்.

அந்த வீட்டின் நோய் எல்லோருக்கும் தெரியும். சந்து சரிவானது. பெருமழை பெய்தால் பெரிய கால்வாய் நிரம்பி, மோரித் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். ஹாலில் கணுக்கால் அளவு நிற்கும். மழை விட்டால் வடிந்துவிடும். வடக்குச் சுவர் நவம்பர் வரை ஈரம் காக்கும். இதையெல்லாம் ஜனவரியில் வந்து பார்க்கிறவனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சொல்வதோடு நிற்கவில்லை, மழையில் கூட்டி வந்து காட்டினார்.

முதல் வருஷம் வந்தவர்களில் ஒரு கணவன் மனைவி ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பெண் வாசற்படியில் நின்று, "ஆன்ட்டி, எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டது.

"எப்பவும் இல்லம்மா. மழை பெஞ்சா மட்டும்."

அவர்களை இறக்கிவிட்ட வாடகைக் கார் இன்னும் திரும்பக்கூட இல்லை, அதிலேயே ஏறிப் போய்விட்டார்கள். இன்னொருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதையெல்லாம் எதுக்கும்மா காட்றீங்க?" என்றார். "வாங்கினப்புறம் நீங்க பார்க்கத்தான் போறீங்க சார். நான் பக்கத்துல இருக்கிறப்பவே பார்த்துடுங்க. திட்டணும்னாலும் ஆள் இருக்கும்" என்றார் இவர். அவர் திட்டாமல்தான் போனார்.

அண்ணன் ஒரு வெயில் நாளில் வந்து வீட்டை அழகழகாகப் படம் எடுத்து, வீடு விற்கும் ஆப்பில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு இவர் ஹாலில் தண்ணீர் நிற்பதை ஒரு படம் எடுத்து, எல்லாவற்றுக்கும் முதலாவதாகப் போட்டுவிட்டார். அண்ணன் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்.

"நீ வீட்டை விக்கிறியா, வர்றவங்களை விரட்டுறியா?"

"விக்கிறேன்ணா. ஒருத்தருக்குத்தானே விக்கப்போறோம்? ஊருக்கே எதுக்குப் பிடிக்கணும்?"

"அந்த ஒருத்தன் எங்கடி இருக்கான்?"

"மழையில வருவான்."

சந்து ஒரு முடிவுக்கு வந்தது. அவருக்கு விற்க மனசில்லை, அம்மா இருந்த வீடு, அதனால்தான் மழையைச் சாக்காக வைத்து ஆட்களை ஓட்டுகிறார். இஸ்திரி போடும் அம்மா முதல் புரோக்கர் வரை எல்லோரும் இதையே சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வானம் இருட்டும்போதெல்லாம் என் மனசு குளிரும். இன்றைக்கும் யாரோ வந்து ஓடப்போகிறார்கள், அவர் இங்கேயேதான் இருக்கப்போகிறார் என்று இருக்கும். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவசரப்படவில்லை. நானும் உங்களோடு இருந்துவிடுகிறேனே என்ற ஒரே ஒரு வரி. கொஞ்சம் கையில் பணம் சேரட்டும், கூரை ஷீட்டை மாற்றிவிடுவோம், தலைமுடிக்கு மை அடித்துக்கொள்வோம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த வருஷம் ஆஷாடத்தில், வழக்கத்தைவிடப் பலமாக மழை கொட்டிய ஒரு சாயங்காலம், புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். ஆனேக்கல் பக்கம் இருந்த நிலத்தை விற்றவர்கள். ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் டெம்போ ஓட்டுபவர், மனைவி வீடுகளுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுப்பவர். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக ஹாலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு நடுவில் நின்றார்.

"இவ்வளவுதானா? இதுக்கு மேல ஏறுமா?"

"ஏறாது. ஆனா வருஷத்துல சில தடவை இவ்வளவு வரும்."

"எங்க வீட்டுல மழைன்னா கட்டில் மேல ஸ்டவ் வச்சுச் சமைக்கிறோம்க்கா. எப்ப வடியும்?"

"மழை விட்டதும் போயிடும். இருந்து பாருங்க, டீ போடறேன்."

இருந்து பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். மழை விட்டது. தண்ணீர் முதலில் ஹாலின் ஓரத்தை விட்டது, பிறகு நடுவை விட்டது, கடைசியில் தரையில் சேறு மட்டும் இருந்தது. அந்த அம்மாள் விளக்குமாறு கேட்டு வாங்கி, கதவு மூலையில் தள்ளிப் பார்த்தார். "வாட்டம் சரியா இருக்கு" என்று கணவனைப் பார்த்தார்.

புரோக்கர் பழக்கத்தில், "ஆஷாடம் முடிஞ்சதும் அட்வான்ஸ் பேசிக்கலாம்" என்றார்.

"மழையையே பார்த்துட்டோம், அப்புறம் மாசத்தை என்ன பார்க்கிறது?" என்று அந்த அம்மாள் இடுப்புப் பையை எடுத்தார்.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். வரன் அமைந்த வீட்டில் இருக்கும் சந்தோஷம். விற்க மனசில்லை என்பதெல்லாம் நாங்களாகக் கட்டிய கதை என்று அப்போது தெரிந்தது. அவர் சொன்னதுதான் அவர் நினைத்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பத்திரம் முடிந்து அவர் கோலார் தங்கவயலுக்குக் கிளம்பினார். அங்கே பழைய சுரங்கக் குவார்ட்டர்ஸில் சித்தி தனியாக இருந்தார். வாங்கினவர்களிடம் பேசி, என்னை ரூமிலேயே இருக்க வைத்திருந்தார். சாமான் வண்டி வந்து நின்றது. நான் மேஜையைத் தூக்கி ஏற்றினேன். பீரோவை ஏற்றினேன். சொல்வதற்கு நேரம் முடிந்துகொண்டிருந்தது. கடைசியில் இவ்வளவுதான் வந்தது:

"நான் ஒருநாள் அங்க வரட்டுங்களா?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு, "மே மாசம் வாங்க" என்றார். "தண்ணி இருக்காது. லாரிக்காகக் குடத்தோட நிக்கணும். காத்து அடிச்சா சுரங்க மேட்டு மண்ணு சோத்துல விழும். சித்தி வேற வெயிலுக்குக் கத்திக்கிட்டே இருக்கும். அப்ப வந்து பாருங்க."

"சரிங்க" என்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வராதே என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினேன். வேண்டிய ஆளை யாராவது தண்ணீர் இல்லாத மாதம் வாருங்கள் என்பார்களா? ஆனாலும் மனசு விடவில்லை. அழைப்பு இல்லாவிட்டாலும் நல்ல நாள் பார்த்துப் போனால் துரத்தமாட்டார்கள், அந்த வீட்டுக்கும் தொந்தரவாக இருக்காது என்று கணக்குப் போட்டேன். சங்கராந்திக்குப் பட்டறை லீவு விட்டார்கள். தலைக்கு மை அடித்துக்கொண்டேன். புதுச் சட்டை போட்டு, ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அந்த ஈஸ்டருக்குள் சித்தி இறந்துவிடுவார், அவர் கன்னியர் விடுதியில் வார்டன் வேலைக்கு எங்கோ வடக்கே போய்விடுவார், அவர் எங்கே என்று கேட்டால் சொல்லக்கூடிய அண்ணனின் போன் நம்பரும் மாறிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நிறைய காலம் இருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

கேட்டைத் தட்டினேன். "யாரு?" என்று கேட்டு வந்தவர், என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

"மே மாசம்னுல்ல சொன்னேன்?"

"லீவு கிடைச்சுதுங்க. இப்பன்னா உங்களுக்கும் சிரமம் இருக்காதேன்னு."

"ஆமா, இப்ப ஒரு சிரமமும் இல்ல" என்றார்.

உண்மையில் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது. வாசலில் செவ்வந்தி பூத்திருந்தது. காற்று இல்லை, மண் இல்லை. சித்தி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னிடம் ஊர் விசாரித்தார். இவர் இஸ்திரி போட்ட புடவையில் இருந்தார். கோழிக் குழம்பு வைத்தார். நல்ல தட்டை எடுத்து வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று பரிமாறினார். ஜோகுபாளையத்து வீட்டில் அவர் எனக்கு நல்ல தட்டு எடுத்ததில்லை. என் கறுத்த தலைமுடியை ஒரு தடவை பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றேன். "இப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த "இப்ப"வில்தான் எனக்கு விளங்கியது. சந்து அவரைப் புரிந்துகொண்ட மாதிரியேதான் நானும் புரிந்துகொண்டிருந்தேன். அவர் வராதே என்று சொல்லவில்லை. வீடு வாங்க வருகிறவனுக்குச் சொல்வதைத்தான் எனக்கும் சொல்லியிருந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மே மாசம் வரட்டுங்களா?"

"எதுக்கு? அதான் பார்த்துட்டீங்களே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம்கூட அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. "பத்திரமா போயிட்டு வாங்க" என்று கேட்டைச் சாத்தினார்.

ஜனவரி வெயில் முதுகில் இதமாக விழுந்தது. ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனேன்.